லாங்டாக் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களும் சர்க்காரின் சட்டங்களும்

பிரான்ஸ் தேசத்தின் தெற்கோரத்தில், ரோன் நதியின் முகத்துவாரம் தொடங்கிப் பிரனீஸ் மலையடிவாரம் வரையில் மத்தியதரைக் கடலை ஒட்டிக் கிடக்கும் பிரதேசத்திற்கு லாங்டாக் என்று பெயர். கார், எரோ, ஓத் என்னும் மூன்று ஜில்லாக்களும், அவற்றை அடுத்த ரூஸியோன் பகுதியும் 2016ஆம் வருஷம் முதல் ஆக்ஸிதானி என்னும் பெரிய மாகாணத்தில் அடங்கியுள்ளன. அங்கே கோடையில் மழை அற்பம், காற்றோ கடுமை, மேட்டு நிலங்கள் பெரும்பாலும் கல்லும் சுண்ணாம்பும் கலந்தவை. தானியப் பயிர் செழிக்காத அத்தகைய நிலத்திலும் திராட்சைக் கொடி வேரூன்றி நிற்கும். ஆதலால் திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து ஒயின் என்னும் பானமாக்கி விற்பதே அந்நாட்டுக் குடியானவர்களின் பிரதான ஜீவனமாக இருந்து வருகிறது.

இந்தத் தொழில் 150 வருஷங்களாக அடைந்துவந்த மாறுதல்களில் சர்க்காரின் கை படாதது ஏதுமில்லை. பூச்சியால் அழிந்த கொடியை மறுபடி நடுவித்ததும், நட்டது மிகுந்தபோது பிடுங்கச் சொன்னதும் சர்க்காரே. இவற்றில் சில நன்மை பயந்தன. சில கெடுதல் செய்தன. பல, எண்ணியதொன்றும் விளைந்தது வேறொன்றுமாக முடிந்தன. பயிர் எதுவாயினும், நிலமுடையவர்களும் கிராமாதிகாரிகளும் கவனிக்கத் தக்க விஷயங்கள் இச்சரித்திரத்தில் உண்டு. கணக்கைப் புரிந்துகொள்வதற்காக இங்கே ஒன்று குறிப்பிடத் தகும்: ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர், ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்.

வேர்ப்பூச்சியும் மறுநடவும்

லாங்டாக் நாட்டார் ஆதியில் திராட்சையுடன் தானியமும் ஒலிவ மரமும் வளர்த்து வந்தனர். 1850ஐ அடுத்த வருஷங்களில் ரயில் பாதை ஏற்பட்ட பின், பாரிஸ் முதலிய வடதேசத்துப் பட்டணங்களிலும் தொழிற்சாலை ஊர்களிலும் மலிவான ஒயினுக்குக் கிராக்கி உண்டாயிற்று. சமவெளி முழுவதும் கொடிகள் பரவின.

1863ஆம் வருஷத்தில் கார் ஜில்லாவில் சில தோட்டங்கள் காரணம் தெரியாமல் வாடின. 1868இல் மான்பெலியே நகரத்துச் சாஸ்திரியாகிய பிளான்ஷோன் என்பவரும் அவருடைய தோழர்களும், பட்டுப்போகும் கொடிகளின் வேர்களைத் தோண்டிப் பார்த்து, மஞ்சள் நிறமான நுண்ணிய பூச்சிகள் வேரை உறிஞ்சுவதைக் கண்டனர். அதுவே பில்லக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி. அது அமெரிக்காவிலிருந்து செடிகளுடன் வந்தது. சில வருஷங்களில் தேசமெங்கும் பரவி, குடும்பங்கள் அநேகத்தைக் குடிபெயரச் செய்தது.

சர்க்கார் முதலில் பரிசுத் தொகை ஒன்றை அறிவித்தது. பின்னர், மண்ணில் மருந்து செலுத்துவோருக்கும் தோட்டத்தில் நீர் தேக்கிப் பூச்சியைக் கொல்வோருக்கும் உதவி செய்தது. ஆயினும் நிலையான பரிகாரம், பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுவதே என்று ஏற்பட்டது. 1872இல் மான்பெலியேயில் ஸ்தாபிதமான விவசாயக் கல்லூரி இவ்வேலைக்குத் தலைமை வகித்தது. சுண்ணாம்பு நிலத்தில் அமெரிக்க வேர்கள் வெளிறிப்போனபடியால், 1887இல் வியாலா என்னும் ஆசிரியரைச் சர்க்காரே அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அவர் டெக்ஸாஸ் நாட்டுச் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் கொடியினம் தக்கதென்று அறிந்து திரும்பினார். அதே 1887இல், பூச்சியால் அழிந்த ஜில்லாக்களில் புதிதாகக் கொடி நடும் நிலத்துக்குச் சில வருஷம் நிலவரி தள்ளுபடி செய்யப்பட்டது.

கல்லூரி, ஆராய்ச்சி, வரித் தள்ளுபடி என்னும் மூன்றும் சேர்ந்ததால் லாங்டாக் பிற பிரதேசங்களுக்கு முன்பே மறுநடவு செய்து முடித்தது. ஆனால் எந்த ரகம் நடுவது என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டுக் கட்டி நடுவதற்கு முதல் மிகுதியாக வேண்டியிருந்தமையால், கடன் பட்டவர்கள் அதிக விளைச்சல் தரும் ரகங்களையே தேடினர். அராமோன் என்னும் ரகம் வளமான சமவெளியில் ஹெக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டருக்கு மேலும் தரவல்லது. ஆனால் அதன் ஒயின் நிறமும் வலுவும் குன்றியது. அதற்கு நிறமேற்ற அலிகான்த் பூஷே என்ற ரகமும், வலுவேற்ற வேற்றூர் ஒயினும் கலக்க வேண்டியதாயிற்று.

கலப்படமும் கிளர்ச்சியும்

கொடிகள் அழிந்திருந்த காலத்தில் வியாபாரிகள் உலர்ந்த திராட்சையையும், சர்க்கரையையும், பிழிந்த சக்கையையும் நீரிலிட்டுப் புளிக்கவைத்து ஒயின் என்று விற்கப் பழகியிருந்தனர். 1889ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, புதுத் திராட்சையையோ அதன் சாற்றையோ புளிக்கவைத்து ஆவதே ஒயின் என்று வரையறுத்தது. அவ்வரையறை ஏட்டில் இருந்ததேயன்றி, மேற்பார்வை இல்லாமையால் பழக்கம் ஒழியவில்லை. 1903இல் சர்க்கரையின் மேலிருந்த வரி குறைக்கப்பட்டபோது, வடக்கே பீட் கிழங்கு விளைவித்தவர்களுக்கு அது அனுகூலமாயிற்று. தெற்கே திராட்சை விளைவித்தவர்களுக்கோ விலை வீழ்ச்சியாக முடிந்தது. ஒரு மாகாணத்துப் பயிருக்குச் செய்த சலுகை மற்றொரு மாகாணத்துப் பயிரைத் தாக்குவதற்கு இது ஓர் உதாரணம்.

1907 மார்ச்சு 11ஆம் தேதி, ஓத் ஜில்லாவிலுள்ள அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 பேர், மார்செலின் அல்பேர் என்பவரைத் தலைவராகக் கொண்டு, நார்போன் நகரத்துக்கு வந்திருந்த பார்லிமெண்டு விசாரணைக் குழுவினிடம் முறையிடச் சென்றனர். அதுமுதல் ஞாயிறுதோறும் ஓர் ஊரில் கூட்டம் கூடிற்று. ஜூன் 9ஆம் தேதி மான்பெலியேயில் திரண்டவர்கள் ஐந்து லக்ஷத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. நார்போன் மேயராகிய டாக்டர் பெரூல், வரி கொடாமையையும் மேயர்களின் ராஜிநாமாவையும் அறிவித்தார். 400க்கு மேற்பட்ட கிராமசபைகள் பதவி துறந்தன. பிறப்பு இறப்புக் கணக்கு எழுதவும் ஆளில்லாமல் கச்சேரிகள் மூடிக் கிடந்தன. பிரதம மந்திரி கிளெமான்ஸோ சேனையை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்ச்சேதம் உண்டாயிற்று. அப்பக்கத்துக் குடியானவர்களின் பிள்ளைகளே மிகுதியாயிருந்த 17ஆவது காலாட்படை உத்தரவை மீறி எழுந்தது.

கணக்கே காவல்

கிளர்ச்சியின் பயனாக 1907 ஜூன் 29ஆம் தேதிச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் சாரம் கிராமாதிகாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு நில உடைமையாளரும், குத்தகைதாரரும், வாரதாரரும், தம் ஊர் மேயரின் கச்சேரியில், பலன் தரும் கொடிகளின் விஸ்தீரணம் எவ்வளவு, அவ்வருஷம் எடுத்த ஒயின் எவ்வளவு, பழைய இருப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு பெயர்வாரியாகக் கச்சேரியின் கதவில் ஒட்டப்படும். இன்னவன் தோட்டம் இவ்வளவு, அவன் சொல்லும் விளைவு இவ்வளவு என்று அண்டை வீட்டார் யாவரும் படித்துப் பார்க்கலாம். ஐந்து ஹெக்டேர் உடையவன் பத்து ஹெக்டேர் உடையவனுக்கு நிகராக ஒயின் காட்டினால், தண்ணீரோ சர்க்கரையோ சேர்ந்தது என்று ஊரே அறிந்துவிடும். ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்கு மேல்வரியும் விதிக்கப்பட்டது. கலப்படத் தடுப்பு இலாகா ஒன்றும் அவ்வருஷமே ஏற்பட்டது. குடியானவர்களும் தங்கள் மகாசங்கத்தை நார்போனில் நிறுவிக் குற்றவாளிகளின் மேல் வழக்குத் தொடர்ந்தனர்.

அடங்கல் ஒழுங்காக இருந்தால் வஞ்சகத்துக்கு இடம் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. படையால் ஆகாததை ஒரு தாள் செய்தது. ஆயினும், கலப்படம் நின்றதேயன்றி மிகை விளைச்சல் நிற்கவில்லை. விலை இறங்கியதற்குக் கலப்படக்காரனே முழுக் காரணம் என்று அக்காலத்துக் குடியானவர் நம்பினர். தங்கள் தோட்டத்து அராமோன் கொடியும் ஒரு காரணம் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் சென்றன.

கூட்டுறவு ஒயின் சாலைகள்

சிறு குடியானவனிடம் சாறு பிழியும் யந்திரமும் சேமிக்கும் தொட்டியும் இல்லை. அறுவடையானதும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதே. இதற்குப் பரிகாரமாக எரோ ஜில்லாவிலுள்ள மரோஸான் கிராமத்தார் 1901இல் ஒரு சங்கம் கண்டு, தங்கள் ஒயினைப் பாரிஸ் நகரத்துத் தொழிலாளர் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு நேரே விற்றனர். 1905இல் பொதுச் சாலையும் கட்டினர். 1906ஆம் வருஷத்துச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு நீண்ட தவணையில் குறைந்த வட்டிக் கடன் அளித்தது. அடுத்த 50 வருஷங்களில் லாங்டாக் நாட்டில் ஊருக்கு ஊர், கோயில் கோபுரத்தோடு போட்டியிடும் உயரத்தில், கூட்டுறவுச் சாலைகள் எழுந்தன.

இவற்றால் சிறு நிலக்காரன் நிலத்தை இழக்காமல் தப்பினான். ஆனால் ஒரு குறை உண்டாயிற்று. அங்கத்தினன் கொணரும் திராட்சைக்கு எடையையும் இனிப்பின் அளவையும் பார்த்து மட்டும் பணம் கொடுக்கப்பட்டது. சந்தையிலும் அவ்வாறே, ஒயினின் சாராய டிகிரியை ஹெக்டோலிட்டரால் பெருக்கி விலை பேசினர். குன்றின் மேல் பொறுக்கி வளர்த்த பழமும், வயலில் நீர்பாய்ந்து பெருத்த பழமும் ஒரே தொட்டியில் விழுந்தன. நன்றாகச் செய்தவனுக்கும் ஏனோதானோ என்று செய்தவனுக்கும் வித்தியாசம் இல்லாவிடில், நன்றாகச் செய்பவன் காலக்கிரமத்தில் குறைந்துபோவது இயற்கை.

அளவைக் கட்டிய சட்டம், பெயரைக் காத்த சட்டம்

1930ஐ ஒட்டிப் பிரான்ஸ் தேசத்து விளைவுடன், அப்போது அதன் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் ஒயினும் வந்து குவிந்தது. 1931 ஜூலை 4ஆம் தேதி ஏற்பட்ட ஒயின் சட்டம், ஹெக்டேர் விளைச்சல் மிகுந்தவர்களுக்குத் தண்டவரி விதித்தது. பெருந்தோட்டக்காரர் புதிதாகக் கொடி நடுவதைத் தடுத்தது. விளைவில் ஒரு பகுதியை விற்காமல் கிடங்கில் நிறுத்திவைக்கவும், மிகுந்ததைச் சாராயமாக வடிக்கவும் கட்டளையிட்டது. 1934இல், நோவா, இஸபெல் முதலிய ஆறு கலப்பினக் கொடிகள் விலக்கப்பட்டன. கொடி பிடுங்குவோர்க்கு மானியம் தரும் வழக்கமும் இக்காலத்திலேயே ஆரம்பமாயிற்று.

இச்சட்டங்களால் விலை ஒருவாறு தாங்கி நின்றது. ஆயினும் மிகுந்ததைச் சர்க்கார் ஏற்று வடித்துவிடும் என்ற தைரியத்தினால், விலைபோகாத ஒயினுக்கும் ஒரு வாங்குவோன் இருந்தான். அவன் ருசி பார்க்காத வாங்குவோன்.

1935 ஜூலை 30ஆம் தேதி வேறொரு வழி திறக்கப்பட்டது. ஓர் ஊரின் பெயரால் ஒயின் விற்க வேண்டுமானால், அது இன்ன எல்லைக்குள், இன்ன ரகங்களிலிருந்து, ஹெக்டேருக்கு இவ்வளவுக்கு மேற்படாத விளைச்சலில், இன்ன முறையில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கூடிய ஊர்ப்பெயர் உரிமைச் சட்டம் அது. நிபந்தனைகளை அந்தந்த ஊர் விளைவாளர் சங்கமே எழுதித் தர, தேசீய ஸ்தாபனம் பரிசீலித்து ஊர்ஜிதம் செய்யும். லாங்டாக்கில் பிரோந்திஞான் ஊரின் இனிப்பு ஒயின் 1936இலும், லிமூவின் நுரை ஒயின் 1938இலும், பிட்டூ என்னும் சிவப்பு ஒயின் 1948இலும் இவ்வுரிமை பெற்றன. மற்றப் பெரும் பகுதிகள் நெடுங்காலம் காத்திருந்தன. போஜேர், ஸான் ஷினியான் ஆகியவை 1982இலும், கார்பியேர், மினெர்வா ஆகியவை 1985இலுமே அதை அடைந்தன. அளவால் விற்றுப் பழகியவர்கள் விளைச்சலைத் தாமே குறைத்துக்கொள்ள உடன்படுவது எளிதன்று என்பதை இத்தாமதம் காட்டும்.

ஆராய்ச்சியும் சும்மா இருக்கவில்லை. நார்போன் நிலையத்தில் மிஷெல் பிளான்ஸி என்பவர் 1934இல், பழத்தை நசுக்காமல் முழுக்குலையாகக் கரியமிலவாயு நிறைந்த தொட்டியில் வைத்துப் புளிக்கவைக்கும் முறையை ஆராயத் தொடங்கினார். லாங்டாக்கில் மிகுதியாயிருந்த காரிஞான் ரகத்தின் துவர்ப்பும் முரட்டுத்தன்மையும் இம்முறையால் தணிந்து நறுமணம் பிறந்தது. தாத்தா நட்ட கொடியைப் பிடுங்காமலே நல்ல ஒயின் எடுக்க இது உதவிற்று.

பிடுங்குவதற்கு மானியம்

1960ஐ ஒட்டிப் பிரான்ஸ் தேசத்தில் தலைக்கு வருஷம் 120 லிட்டருக்குக் குறையாமல் ஒயின் குடித்து வந்தனர். இது பின்னர் வருஷந்தோறும் குறைந்து சுமார் 40 லிட்டருக்கு இறங்கிற்று. குறைந்தது பெரும்பாலும் அன்றாடம் உணவோடு குடிக்கும் மலிவு ஒயின். அதாவது லாங்டாக்கின் சரக்கு. ஜனங்களின் தேகசுகத்தை உத்தேசித்துச் சர்க்காரும் மதுபானத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. 1991ஆம் வருஷத்துச் சட்டம் மது விளம்பரங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. விவசாய இலாகா தாங்கிப் பிடித்த பயிரின் விற்பனையைச் சுகாதார இலாகா குறைக்க முயன்றது. இரண்டும் ஒரே சர்க்காரின் கடமைகளே. குடி குறைவது ஜனங்களுக்கு நன்மையே. ஆனால் அக்குறைவை முன்னறிந்து பயிரை மாற்றவேண்டிய பொறுப்பு குடியானவன் தலையில் விழுந்தது.

1970இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் ஒயின் விதிகள் ஏற்பட்டு, இத்தாலிய ஒயின் சுங்கமின்றி வந்தது. லாங்டாக்கில் மறுபடியும் கலகம் மூண்டது. 1976 மார்ச்சு 4ஆம் தேதி, நார்போனுக்கு அருகிலுள்ள மோன்ரெதோன் என்னுமிடத்தில் நடந்த மோதலில் குடியானவர் ஒருவரும் போலீஸ் அதிகாரி ஒருவரும் சுடப்பட்டு இறந்தனர். அதன் பிறகே, பழைய வழி இனி நடவாது என்ற எண்ணம் இரு தரப்பாருக்கும் உறுதிப்பட்டது.

அவ்வருஷங்களில் புது நடவு தடுக்கப்பட்டது. கொடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை வேறு பயிருக்கு விடுவோர்க்கு மானியம் அளிக்கப்பட்டது. 1988 முதல் இம்மானியம் பெருந்தொகையாயிற்று. 2008ஆம் வருஷச் சீர்திருத்தம், ஐரோப்பா முழுவதிலும் மூன்று வருஷத்தில் 1,75,000 ஹெக்டேர் வரை பிடுங்க உதவித்தொகை வைத்தது. 1970ஐ அடுத்த வருஷங்களில் நான்கு லக்ஷம் ஹெக்டேருக்கு மேலிருந்த லாங்டாக்-ரூஸியோன் தோட்டங்கள், 40 வருஷங்களில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

இம்மானியத்தைப் பற்றி ஒரு குறை கூறப்பட்டது. மானியம் ஹெக்டேர் கணக்கில் வந்தது. ஆகவே முதலில் பிடுங்கப்பட்டவை விளைச்சல் குறைந்த குன்றுச் சரிவுகளின் முதிய கொடிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் வயோதிகர். பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். நல்ல ஒயின் பிறக்கத்தக்க சரிவு காடாயிற்று. அதிகம் விளையும் சமவெளி தோட்டமாகவே நின்றது. மிகுதியைக் குறைக்க வந்த மானியம், பல இடங்களில் தரத்தைக் குறைத்தது.

ரகத்தை மாற்றிய கொள்கை

பிடுங்குவதற்கு மானியம் கொடுத்த அதே காலத்தில், நல்ல ரகங்களை மறுநடவு செய்வதற்கும் உதவி கிடைத்தது. சிரா, கிரனாஷ், மூர்வேத்ர் என்னும் தென்னாட்டு ரகங்களும், மெர்லோ, காபெர்னே, ஷார்தோனே என்னும் புறநாட்டு ரகங்களும் பரவின. அராமோன் ஏறக்குறைய மறைந்தது. கூட்டுறவுச் சாலைகள் கடனும் மானியமும் பெற்றுக் குளிர்ப்பதன யந்திரங்களும் எஃகுத் தொட்டிகளும் வைத்தன. பழத்தைத் தோட்டவாரியாகப் பிரித்து வாங்கி, தரத்துக்குத் தக்க விலை கொடுக்கத் தொடங்கின. கடன் தாங்காத சங்கங்கள் அண்டைச் சங்கங்களுடன் இணைந்தன.

1979ஆம் வருஷத்து உத்தரவு, ஊர்ப்பெயர் உரிமைக்கும் சாதாரண ஒயினுக்கும் நடுவே நாட்டு ஒயின் என்ற வகுப்பை ஒழுங்குபடுத்தியது. 1987இல் அவ்வகுப்பின்கீழ் ஓக் நாட்டு ஒயின் என்னும் பெயர் அங்கீகாரம் பெற்றது. இதில் ஒரு புதுமை உண்டு. ஊரின் பெயரை அறியாத வேற்றுதேசத்தார் ரகத்தின் பெயரை அறிவர். ஆகவே புட்டியின்மேல் ரகத்தின் பெயரை எழுதி விற்க அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு தொட்டியும் ருசி பார்த்துத் தேறிய பின்னரே அப்பெயர் பெறும். நூறு வருஷம் டிகிரிக் கணக்கில் விலைபோன நாட்டில், பெயருக்கும் ருசிக்கும் விலை வந்தது. இவ்வொயின் இன்று அயல்நாடுகளுக்கு மிகுதியாக ஏற்றுமதியாகிறது. ரஸாயன உரமும் மருந்தும் இடாமல் வளர்க்கும் திராட்சைத் தோட்டத்தின் பரப்பிலும் ஆக்ஸிதானி மாகாணமே பிரான்ஸில் முதலிடம் வகிக்கிறது.

விதைக் கொள்கையும் மாறிற்று. 1934இல் கலப்பினங்களை விலக்கிய சர்க்காரே, தன் ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய நோய் தாங்கும் புதிய கலப்பினங்களை 2018இல் அதிகார பூர்வமான ஜாபிதாவில் சேர்த்தது. இவற்றுக்கு மருந்து தெளிக்கும் செலவு வெகு குறைவு.

தண்ணீரும் நெருப்பும்

1955இல் சர்க்கார், பிலிப் லாமூர் என்பவரின் தலைமையில் ஒரு கம்பெனியை நிறுவி, ரோன் நதி நீரைக் கால்வாய் மூலம் லாங்டாக் சமவெளிக்குக் கொண்டுவந்தது. திராட்சையை விட்டுப் பழத்தோட்டமும் காய்கறியும் பயிர்செய்யக் குடியானவர்களைத் தூண்டுவதே நோக்கம். ஒரு பகுதியார் அவ்வாறு செய்தனர். அநேகர் தண்ணீர் வந்தும் கொடியை விடவில்லை. பிற்காலத்தில் வெப்பம் மிகுந்து மழை தவறியபோது, அந்த நீரே திராட்சைக் கொடிகளைக் காக்கத் தேவையாயிற்று. கால்வாயின் குழாய்கள் நார்போன் பக்கம் வரை நீட்டப்பட்டன. கால்வாய் வீணாகவில்லை, நோக்கந்தான் தலைகீழாயிற்று.

2023இல் விலை மறுபடி சரிந்தது. சர்க்காரும் ஐரோப்பிய ஐக்கியமும் சேர்ந்து மிகை ஒயினை வடிக்க 20 கோடி யூரோ ஒதுக்கின. 2024இல் ஹெக்டேருக்கு 4,000 யூரோ வீதம் கொடி பிடுங்கும் மானியம் அறிவிக்கப்பட்டபோது, தேசமெங்கும் சுமார் 27,000 ஹெக்டேருக்கு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பெரும் பகுதி லாங்டாக், ரூஸியோன், போர்தோ பக்கங்களிலிருந்தே வந்தது.

2025 ஆகஸ்டில் ஓத் ஜில்லாவிலுள்ள கார்பியேர் மலைப்பகுதியில் காட்டுத் தீ பற்றி 16,000 ஹெக்டேர் வரை எரிந்தது. கொடி உள்ள தோட்டத்தில் நெருப்பு தயங்கி நிற்கும். கொடி பிடுங்கித் தரிசாக விட்ட நிலத்தில் புதர் மண்டி நெருப்புக்கு வழி விடும். தோட்டங்கள் குறைந்ததே தீ விரைந்ததற்கு ஒரு காரணம் என்று அப்பகுதிக் கிராமசபைத் தலைவர்கள் எடுத்துரைத்தனர். மானியக் கணக்கில் ஹெக்டேர் உண்டு, ஒயின் உண்டு. ஊரைச் சுற்றி நின்ற பசுமையான வேலி அக்கணக்கில் இல்லை.

கவனிக்கத் தக்கவை

இச்சரித்திரத்திலிருந்து பெறத்தக்க பாடம் சுருக்கமானது. சர்க்கார் எதை அளந்து பணம் கொடுக்கிறதோ, அதையே குடியானவன் விளைவிக்கிறான். லிட்டரை அளந்தபோது லிட்டர் பெருகிற்று. டிகிரியை அளந்தபோது டிகிரி ஏறிற்று. ரகத்தையும் எல்லையையும் ருசியையும் அளந்தபோது தரம் உயர்ந்தது. பிடுங்கிய ஹெக்டேரை அளந்தபோது நிலம் வெறுமையாயிற்று. ஆகவே எந்தப் பயிருக்காயினும் ஓர் உதவித் திட்டம் வரும்போது, தொகை எவ்வளவு என்பதற்கு முன் எதன் பேரில் அது கணக்கிடப்படுகிறது என்று விசாரிப்பது நிலமுடையோர் கடமை.

கிராமாதிகாரிகளுக்கு உரியது 1907ஆம் வருஷத்துப் பாடம். உண்மையான சாகுபடிக் கணக்கும், அது யாவரும் பார்க்கும்படி வெளியில் இருப்பதும், யோக்கியனான குடியானவனுக்குப் பெரிய பாதுகாப்பு. கணக்குப் பொய்யானால், மேலே இயற்றப்படும் சட்டம் எவ்வளவு நல்லதாயினும் ஊரில் வந்து பிசகிப்போகும்.

சிறு நிலக்காரர்களுக்கு உரியது கூட்டுறவுச் சாலையின் பாடம். சங்கம் இல்லாவிடில் லாங்டாக்கின் ஐந்து ஏக்கர்க்காரன் என்றோ நிலத்தை விற்றிருப்பான். அச்சங்கமும், நல்ல சரக்குக்கு நல்ல விலை என்று பிரித்துக் கொடுக்கத் துணிந்த பிறகே தழைத்தது. அங்கத்தினர் யாவருக்கும் சமமாகக் கொடுப்பது நியாயம்போல் தோன்றும். ஆனால் கூடையில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க மறுக்கும் சங்கம், நன்றாக உழைப்பவனை இழந்துவிடும்.

ஒரு கொடி நட்டு முழுப் பலன் காண நாலைந்து வருஷம் ஆகும்; அது 40, 50 வருஷம் நிற்கும். சட்டமோ ஒரு வாக்கெடுப்பில் மாறிவிடும். லாங்டாக் குடியானவர்கள் பட்ட கஷ்டங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டு காலக்கணக்கும் பொருந்தாமையால் வந்தவை. நெடுநாள் நிற்கும் பயிருக்கு நெடுநாள் நிற்கும் கொள்கை வேண்டும். அது கிடைக்கும் வரையில், நிலம் முழுவதையும் ஒரே பயிரில் ஒப்படையாமல் கொஞ்சம் வேறு வகைக்கு விட்டுவைப்பதே விவேகம்.